கழற்றாமல் தூங்கிய கண்கள்

பென்சிலின் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங், 1928, பூசணம் பூத்த ஒரு கண்ணாடித் தட்டு. சரி, அந்த மருந்து முதன்முதலில் யாரைக் குணப்படுத்தியது? இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட ஒரு சிப்பாயை என்றுதான் பலரும் சொல்வார்கள். இல்லை. பதிவேடுகளில் இருக்கிற வரை, பென்சிலின் முதலில் காப்பாற்றியது கண்களை!

1930 நவம்பர். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனை. அங்கே சிசில் ஜார்ஜ் பெய்ன் என்று ஓர் இளம் டாக்டர், பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஃப்ளெமிங் வேலை பார்த்த லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் படித்தவர். ஃப்ளெமிங்கிடம் கேட்டுக் கொஞ்சம் பூசணம் வாங்கி, தானே வளர்த்து, சாற்றை வடிகட்டி வைத்துக்கொண்டார். முதலில் தாடி முளைக்கும் இடத்தில் சீழ்க்கட்டிகளோடு வந்த நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. அடுத்து, பிரசவத்தின்போது தாயிடமிருந்து கொனோரியா கிருமி ஒட்டிக்கொண்டு, இமை திறக்க முடியாமல் சீழ் வடிந்துகொண்டிருந்த கைக்குழந்தைகளின் கண்களில் விட்டார். சீழ் நின்றது. பிறகு ஒரு நிலக்கரிச் சுரங்க மேலாளர் வந்தார். கண்ணில் கல்துண்டு தெறித்து, நிமோகாக்கஸ் கிருமி பிடித்து, கண் போகிற நிலை. பூசணச் சாற்றால் கழுவக் கழுவத் தொற்று அடங்கியது. அதன்பிறகு ஆபரேஷன் செய்து கல்லை எடுத்தார்கள். பார்வை பிழைத்தது.

இதைப் பற்றி பெய்ன் ஒரு வரிகூட எழுதி வெளியிடவில்லை. சாறு ஒரு நேரம் வீரியமாக இருக்கும், ஒரு நேரம் இருக்காது. சலித்துப்போய் வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். 1932ல் அதே ஊருக்குப் பேராசிரியராக வந்த ஹோவர்டு ஃப்ளோரியிடம் மட்டும் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். பின்னால் ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலினை நிஜ மருந்தாக்கி நோபல் பரிசு வாங்கிய அதே ஃப்ளோரிதான். பெய்னின் கதை வெளியே வந்தது 1980களில், பழைய ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டியபோது.

பெய்னுக்கு முன்னால் கண்ணில் சீழ்ப்புண் வந்தால் என்ன வைத்தியம் தெரியுமா? 1870ல் ஜெர்மன் கண் மருத்துவர் தியோடர் சேமிஷ் ஒரு வழி சொன்னார். புண்ணின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை கத்தியால் கீறி, உள்ளே தேங்கிய சீழை வெளியேற்றுவது. படிக்கவே கண் கூசுகிறது, இல்லையா? சுட்ட கம்பியால் பொசுக்குவதும் உண்டு. 1911ல் ஆப்டோகின் என்ற மருந்தை ஜூலியஸ் மார்கன்ரோத் கொண்டுவந்தார். நிமோகாக்கஸைக் கொல்லும், கண்ணில் சொட்டாக விட்டார்கள், ஓரளவு கேட்டது. அதையே நிமோனியாவுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது சிலருக்குப் பார்வையே போனது. இன்று அது மருந்தாக இல்லை; பரிசோதனைக் கூடங்களில் நிமோகாக்கஸை அடையாளம் காட்டுகிற சின்ன வில்லையாக மட்டும் பிழைத்திருக்கிறது.

ஆக, பென்சிலின் வந்தது, கண்கள் பிழைத்தன, சுபம்? அங்கேதான் இந்தக் கதையின் வில்லன் நுழைகிறான். அவனிடம் பென்சிலின் செல்லாது.

பச்சைக் களிம்பு

பெயர் ஸூடோமோனாஸ் ஏருஜினோஸா. செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் பச்சையாகக் களிம்பு பிடிக்குமே, அதற்கு லத்தீனில் உள்ள சொல்லிலிருந்து வந்ததுதான் 'ஏருஜினோஸா'. காயங்களுக்குப் போட்ட கட்டுத்துணிகள் ஏன் நீலப் பச்சையாக மாறுகின்றன என்று தேடிப்போன கார்லே ஜெஸ்ஸார் என்ற பிரெஞ்சுக்காரர் 1882ல் இதைப் பிரித்தெடுத்தார். நிறம் அந்தக் கிருமி உண்டாக்கும் ஒரு சாயத்தால் வருவது. தட்டில் வளர்த்தால் திராட்சைப் பழ வாசனை வேறு அடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1899ல் எம்மெரிக், லோவ் என்ற இரு ஜெர்மானியர்கள் இதே கிருமியின் வளர்ப்பிலிருந்து சாறு எடுத்து, மற்ற கிருமிகளைக் கொல்கிற மருந்து என்று கொடுத்தார்கள். பையோசயனேஸ் என்று பெயர். ஒரு கிருமியின் சாற்றை வைத்து இன்னொன்றை அடிக்கும் முதல் முயற்சிகளில் ஒன்று. ஒரு தயாரிப்பு போல இன்னொன்று இருக்காது, நச்சும் உண்டு என்பதால் அது நிலைக்கவில்லை.

ஸூடோமோனாஸுக்குப் பெரிய தீனி எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீர், வாஷ்பேசின், ஈரமான டப்பா... எங்கு வேண்டுமானாலும் இருக்கும். உடம்பு நன்றாக இருப்பவரை அது ஒன்றும் செய்யாது. கண்ணையும் சாதாரணமாக ஒன்றும் செய்யாது. கண்ணுக்கு அவ்வளவு காவல்! இமை சிமிட்டும்போதெல்லாம் கார் வைப்பர் மாதிரி துடைத்துவிடுகிறது. கண்ணீரில் லைசோசைம் என்ற கிருமிக்கொல்லி இருக்கிறது. (அதைக் கண்டுபிடித்தவரும் ஃப்ளெமிங்தான், பென்சிலினுக்குச் சில ஆண்டுகள் முன்பு. ஆராய்ச்சிக்குக் கண்ணீர் வேண்டுமென்று ஆட்களின் கண்ணில் எலுமிச்சம்பழம் பிழிந்த மனிதர்!) எல்லாவற்றுக்கும் மேலாக, கருவிழியின் முன்னால் கண்ணாடி போல் மூடியிருக்கும் கார்னியாவின் மேல்தோல் முழுசாக இருக்கும்வரை கிருமி உள்ளே போக முடியாது.

ஆனால் அந்த மேல்தோலில் ஒரு கீறல் விழுந்தால் கதை தலைகீழ். கார்னியா அரை மில்லிமீட்டர் கனம்தான். ஒளி போக வேண்டும் என்பதற்காக அதில் ரத்தக்குழாயே கிடையாது. அதனால் ரத்தத்தில் ஓடிவரும் வெள்ளை அணுக்களும் உடனே வந்து சேராது. வாயில் போட்ட மாத்திரையும் சரியாக வந்து சேராது. ஸூடோமோனாஸ் சுரக்கும் நொதிகள் கார்னியாவின் நார்களைக் கரைக்கும். ஒன்றிரண்டு நாளில் கார்னியா வெந்த ஜவ்வரிசி மாதிரி ஆகிவிடும். ஓட்டை விழுந்தால் கண் போச்சு. ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று கிராமத்தில் சொல்வது இந்தத் தழும்பைத்தான்.

1950கள் வரை இது பெரும்பாலும் அடிபட்ட கண்ணுக்கு வருகிற நோய். டாக்டர்களே பரப்பியதும் உண்டு. கார்னியாவில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க ஃப்ளோரசீன் என்ற சாயச் சொட்டு விடுவார்கள். அந்த பாட்டிலிலேயே ஸூடோமோனாஸ் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கீறலைக் காட்டும் சாயமே அந்தக் கீறலில் கிருமியை விட்டால்? 1951ல் சாமுவேல் கிமுரா சாயத்தைக் காகிதத்தில் தோய்த்து உலர்த்தி வைக்கும் யோசனையைச் சொன்னார். இன்று கண் டாக்டர் இமையோரம் ஆரஞ்சு நிறத் துண்டுக் காகிதத்தைத் தொட்டு எடுக்கிறாரே, அதன் பூர்வீகம் இதுதான்.

பொம்மைச் சக்கரத்தில் சுற்றிய லென்ஸ்

இந்தக் கிருமிக்கு ஆரோக்கியமான இளைஞர்களின் கண்ணுக்குள் போக வழி போட்டுக் கொடுத்தது காண்டாக்ட் லென்ஸ்.

லென்ஸின் கதை பழையது. 1888ல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மன் மருத்துவர் சூரிச்சில் ஊதிச் செய்த கண்ணாடிக் கிண்ணங்களை முதலில் முயலின் கண்ணிலும், பிறகு தன் கண்ணிலும், பிறகு நோயாளிகள் கண்ணிலும் வைத்துப் பார்த்தார். அவை கண்ணின் வெள்ளைப் பகுதி வரை மூடும். சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 1948ல் கெவின் டூஹி என்ற அமெரிக்கர் கார்னியாவை மட்டும் மூடும் சின்ன பிளாஸ்டிக் லென்ஸைக் கொண்டுவந்தார். இந்தக் கடின லென்ஸ் வழியாக ஆக்சிஜன் போகாது. ஆனால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் அது அசையும், அடியில் கண்ணீர் புரளும். உறுத்தலும் கொஞ்சநஞ்சமல்ல. அதைப் போட்டுக்கொண்டு யாரும் தூங்க மாட்டார்கள். அந்த உறுத்தலே ஒரு பாதுகாப்பு என்பது பின்னால்தான் புரிந்தது.

ப்ராக் நகரத்து வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே. தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும் ஒரு ஜெல்லை ட்ரகோஸ்லாவ் லிம் என்ற சகாவுடன் சேர்ந்து உருவாக்கியவர். 1960ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. அதில் லென்ஸ் வார்ப்பது மட்டும் சரிவரவில்லை, ஓரங்கள் கிழிந்தன. 1958ல் அரசியல் காரணங்களுக்காகக் கல்லூரி வேலையிலிருந்து ஏற்கெனவே தூக்கப்பட்டவர் வேறு. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டிலேயே, பையனின் மெர்க்கூர் பொம்மைக் கட்டுமான செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு சுழலும் இயந்திரம் செய்தார். சுழலும் அச்சில் திரவத்தை விட்டால் ஓரம் வழவழப்பாக லென்ஸ் தானாகவே உருவாகிறது! உரிமை கைமாறி அமெரிக்கா போய், 1971ல் பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனத்தின் மென்மையான லென்ஸுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது.

போட்டதே தெரியாது. சொகுசு. லட்சக்கணக்கில் விற்றது. கூடவே புதுத் தலைவலி: தண்ணீர் உறிஞ்சும் பொருளில் கிருமியும் சுகமாக ஒட்டும். தினமும் ராத்திரி லென்ஸை ஒரு சின்ன மின்சாரப் பாத்திரத்தில் சூடாக்கிக் கிருமி நீக்க வேண்டும். அதற்கு உப்பு நீரைப் பலர் உப்பு மாத்திரையும் வடிநீரும் கலந்து வீட்டிலேயே செய்தார்கள். (1980களின் நடுவில் இந்த வீட்டு உப்பு நீரால் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி அமெரிக்காவில் பல கண்களைத் தின்றது. அது பாக்டீரியா அல்ல, ஆன்டிபயாடிக்குக்கு அடங்காது. அது தனிக் கதை.)

ராத்திரி முழுக்கச் சொட்டு

மருந்துப் பக்கம் என்ன நடந்தது? 1944ல் ஸ்ட்ரெப்டோமைசின், 1947ல் பாலிமிக்ஸின் பி. பாலிமிக்ஸின் ஸூடோமோனாஸைக் கொல்லும். ஊசியாகப் போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கண்ணில் விட்டால் அந்தப் பயமில்லை. ஆனால் கார்னியாவுக்குள் ஆழமாக இறங்காது. நிஜமான திருப்பம் 1963ல் வந்த ஜென்டாமைசின். ஷெரிங் கம்பெனியில் மார்வின் வெய்ன்ஸ்டைன் குழு மண்ணில் வாழும் மைக்ரோமோனோஸ்போரா என்ற நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. (ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரியான பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஒய்' வரும், ஜென்டாமைசினுக்கு 'ஐ' வரும். எழுத்துப்பிழை அல்ல, பிறந்த குலம் வேறு என்பதற்கு அடையாளம். தமிழில் இரண்டும் மைசின்தான்!) அதன் பின்னால் டோப்ராமைசின்.

கடையில் விற்ற ஜென்டாமைசின் சொட்டு மில்லிக்கு 3 மில்லிகிராம். ஸூடோமோனாஸ் புண்ணுக்கு அது போதவில்லை. ஆஸ்பத்திரிகளில் ஒரு கைவைத்தியம் பழக்கத்துக்கு வந்தது. 5 மில்லி சொட்டு பாட்டிலைத் திறந்து, ஊசி மருந்திலிருந்து 80 மில்லிகிராமை, அதாவது 2 மில்லியை, உள்ளே ஏற்றுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 15ம் 80ம் சேர்ந்து 95 மில்லிகிராம், மொத்தம் 7 மில்லி, ஆக மில்லிக்குக் கிட்டத்தட்ட 14. இது மாதிரி வீரியம் கூட்டிய இன்னொரு சொட்டு செஃபஸோலின். ஊசிப் பொடியைச் செயற்கைக் கண்ணீரில் கரைத்து மில்லிக்கு 50 மில்லிகிராம். ஜென்டாமைசின் ஸூடோமோனாஸ் வகைக்கு, செஃபஸோலின் ஸ்டாஃபிலோகாக்கஸ், நிமோகாக்கஸ் வகைக்கு.

இதை விடுகிற முறைதான் கொடுமை. ஆரம்பத்தில் அரை மணிக்கு அல்லது ஒரு மணிக்கு ஒரு முறை. இரவும் பகலும். இரண்டு சொட்டுக்கும் நடுவே ஐந்து நிமிஷ இடைவெளி, இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். ஒவ்வொரு சொட்டும் தீயாக எரியும். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், சில நாளில் கெட்டுவிடும். நோயாளியை வார்டில் சேர்த்து, நர்ஸ் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி, மூன்று மணிக்கு எழுப்பி... தூக்கத்தில் வந்த நோய்க்குத் தூக்கத்தைக் கெடுக்கும் மருந்து.

சொட்டை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. எந்தக் கிருமி என்று தெரிந்துகொண்டு மருந்து கொடுப்பதா, தெரியும் முன்னரே எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அடிப்பதா? 1979ல் 'சர்வே ஆஃப் ஆஃப்தால்மாலஜி' இதழில் இதைப் பற்றி இரண்டு பெரியவர்கள் அடுத்தடுத்து எழுதினார்கள். ஜூல்ஸ் பாம் சொன்னது: எந்தக் கிருமிகள் அதிகம் வருகின்றன என்பது தெரியும், அவை எல்லாவற்றையும் பிடிக்கிற மாதிரி அகலமாக ஆரம்பி. டான் ஜோன்ஸ் சொன்னது: முதலில் புண்ணைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார், பார்த்ததற்கு மருந்து கொடு. அமெரிக்காவில் நடைமுறை மெல்ல பாம் பக்கம் சாய்ந்தது. லென்ஸ்காரரின் புண் என்றால் ஸூடோமோனாஸாக இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குவார்கள். ஆனால் ஜோன்ஸ் தோற்கவில்லை. அவருடைய வாதம் ஜெயிக்க வேறு ஊர் தேவைப்பட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

முப்பது நாள் கனவு

1981ல் எஃப்.டி.ஏ. கிட்டப்பார்வைக்காரர்களுக்கு ஒரு புது வகை மென்மையான லென்ஸை அனுமதித்தது. கழற்றாமல் தொடர்ந்து 30 நாள் வரை போடலாம்! காலையில் கண் விழித்ததும் கடிகாரம் தெரியும். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு மட்டும்தான் இந்த ஆசை புரியும்.

இமை மூடியிருக்கும்போது கார்னியாவுக்கு ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அதன்மேல் லென்ஸும் இருந்தால்? மேல்தோல் வீங்கும், பலவீனமாகும். கண்ணீர் அடியில் தேங்கும். லென்ஸில் ஒட்டிய கிருமி ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும். 80களின் நடுவில் கண் மருத்துவமனைகளில் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் கார்னியாவில் புண்ணோடு வர ஆரம்பித்தார்கள். அடி படவில்லை, வேறு நோய் இல்லை. லென்ஸ் மட்டும்.

இன்னொரு விபரீதமும் அப்போது தெரிந்தது. கண்ணில் கீறல் என்று அவசரப் பிரிவுக்குப் போனால், களிம்பு போட்டு, பஞ்சு வைத்துக் கண்ணைக் கட்டி அனுப்புவதுதான் அன்றைய வழக்கம். சாதாரணக் கீறலுக்கு அது சரி. லென்ஸ் போட்டவரின் கீறலில் ஸூடோமோனாஸ் ஏற்கெனவே இருந்தால், கட்டுக்கு அடியில் இருட்டு, வெதுவெதுப்பு, ஈரம், சிமிட்டல் கிடையாது. மறுநாள் கட்டைப் பிரித்தால் பெரிய புண். 1980களின் பிற்பகுதியில் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றிக் கட்டுரைகள் வந்தபிறகு, லென்ஸ்காரர் கண்ணைக் கட்டாதே என்பது பாடப்புத்தக விதியானது.

1989 செப்டம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. முதலாவது அமெரிக்காவின் வடகிழக்கில் ஐந்து மாநிலங்களின் கண் மருத்துவர்களிடம் கணக்கெடுத்தது. தினமும் கழற்றும் மென்மையான லென்ஸ்காரர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு 4.1 பேருக்குப் புண். நாள்கணக்கில் கழற்றாத வகையில் 20.9 பேர். கடின லென்ஸில் 2 பேர். இரண்டாவது ஆய்வு: ராத்திரியும் போட்டுக்கொண்டு தூங்குபவர்களுக்கு ஆபத்து 10 முதல் 15 மடங்கு. பத்தாயிரத்தில் இருபத்தொன்று ஒரு பெரிய எண்ணா என்று கேட்கலாம். பத்து லட்சம் பேர் போட்டால் வருஷத்துக்கு இரண்டாயிரம் கண்கள். அதுவும் கண்ணாடி போட்டிருந்தால் வந்தே இருக்காத நோய். அதே ஆண்டு எஃப்.டி.ஏ. முப்பது நாளை ஏழு நாளாக வெட்டியது.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. ஆக்சிஜன்தானே பிரச்சினை? சிலிகோன் கலந்து, பழையதைவிடப் பல மடங்கு ஆக்சிஜன் விடும் லென்ஸ்கள் 1999ல் வந்தன. 2001ல் மறுபடி முப்பது நாள் அனுமதி. இந்தத் தடவை நிச்சயம் என்று எல்லோரும் நம்பினார்கள். 2008ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஃபியோனா ஸ்டேப்பிள்டன் குழுவின் கணக்கு வந்தது. தினமும் கழற்றும் சாதாரண மென்மையான லென்ஸில் பத்தாயிரத்துக்கு 1.9. கழற்றாத பழைய வகையில் 19.5. கழற்றாத புது சிலிகோன் வகையில் 25.4! கண்ணுக்கு மூச்சு விட்டது, புண் மட்டும் குறையவில்லை. ஆக்சிஜன் பாதிக் கதைதான். மூடிய இமைக்குள் கிருமியோடு ஒரு பொருள் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது மீதிக் கதை.

ஒரே பாட்டில்

1990 டிசம்பரில் சிப்ரோஃப்ளாக்ஸசின் கண் சொட்டுக்கு எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. இந்தக் குடும்பத்துக்கு மூதாதை நாலிடிக்ஸிக் அமிலம். மலேரியா மருந்தான குளோரோகுயின் தயாரிக்கும்போது கிடைத்த ஒரு பக்கப் பொருளைப் பிடித்துக்கொண்டு போய் ஜார்ஜ் லெஷர் குழு 1962ல் வெளியிட்டது. அதன் வழியில் வந்து, ஃப்ளோரின் அணு ஒன்றும் சேர்ந்ததும் வீரியம் எங்கோ போய்விட்டது. கிருமி தன் டி.என்.ஏ.வைச் சுருட்டிப் பிரிக்கும் நொதியையே இது முடக்கிவிடும்.

கலக்க வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம், எரிச்சலும் குறைவு. ஒரே பாட்டில், வீட்டிலிருந்தே விட்டுக்கொள்ளலாம். ஆனால் முதல் நாள் தூக்கம் இதிலும் கிடையாது: முதல் ஆறு மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு சொட்டு, மிச்ச நாள் முழுக்க அரை மணிக்கு ஒரு தடவை, மறுநாள் மணிக்கு ஒரு தடவை, மூன்றாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை நாலு மணிக்கு ஒரு தடவை. இப்படி விட்டவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குப் புண்ணின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்தது. நோயாளிகள் அலறினார்கள். அது மருந்தே படிகமாக உறைந்தது, தானே கரைந்துபோகும். அதன்பின் ஒஃப்ளாக்ஸசினுக்கு 1996ல் கார்னியா புண்ணுக்கான அனுமதி. 2003ல் கேட்டிஃப்ளாக்ஸசின், மாக்ஸிஃப்ளாக்ஸசின்.

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு: புதுசு என்றால் எல்லாவற்றுக்கும் மேல் என்று. மாக்ஸிஃப்ளாக்ஸசின் நிமோகாக்கஸ் வகைக்குக் கெட்டி. ஸூடோமோனாஸ் மேல் பழைய சிப்ரோஃப்ளாக்ஸசினுக்குத்தான் பலம் அதிகம். அமெரிக்க அனுமதிச் சீட்டில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் சொட்டு சாதாரண பாக்டீரியா கண்வலிக்குத்தான்; கார்னியா புண்ணுக்கு மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில் எழுதுவது. ('மெட்ராஸ் ஐ' என்று ஊரே கறுப்புக் கண்ணாடி போடும் கண்வலி பெரும்பாலும் வைரஸ், அதற்கு இவற்றில் எதுவும் கேட்காது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கி ஊற்றிக்கொள்வது மட்டும் நிற்கவில்லை.)

கிருமியும் பாடம் கற்றது. 1999லேயே ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனைக்காரர்கள் சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு அடங்காத ஸூடோமோனாஸ் புண்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் சொட்டு வந்து ஒன்பது வருஷம்கூட ஆகவில்லை. பெரிய புண், மோசமான புண் என்றால் பல மருத்துவமனைகள் திரும்பவும் அந்தப் பழைய எரிகிற சொட்டைக் கலக்கப் போனது இதனால்தான். லென்ஸ்காரர் வந்தால் லென்ஸையும் டப்பாவையும் கூடவே எடுத்து வரச் சொல்வதும் சும்மா இல்லை. கண்ணைச் சுரண்டிக் கிடைக்காத கிருமி பல நேரம் டப்பாவின் அடியில் வழவழவென்று கிடைக்கும்.

மதுரையில் ஜெயித்த ஜோன்ஸ்

லென்ஸ் அதிகம் இல்லாத ஊரிலும் கார்னியா புண் உண்டு. சொல்லப்போனால் அங்கேதான் அதிகம். மதுரை மாவட்டத்தில் 1993ல் எடுத்த கணக்கின்படி ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 113 பேருக்குக் கார்னியா புண். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் அது 11. பத்து மடங்கு! காரணம் லென்ஸ் அல்ல. கதிர் அறுக்கும்போது கண்ணில் பட்ட தாள், தூசி, முள், மாட்டு வால். அதில் கிட்டத்தட்ட பாதி பூஞ்சை. பாக்டீரியாவில் முதலிடம் ஸூடோமோனாஸுக்கு இல்லை, பெய்ன் காலத்து நிமோகாக்கஸுக்கு.

பாதிக்குப் பாதி பூஞ்சை இருக்கிற ஊரில், 'எல்லா பாக்டீரியாவுக்கும் சேர்த்து அடி' என்று ஆரம்பித்தால் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாதிரிதான். இங்கே சுரண்டிப் பார்க்காமல் முடியாது. ஒரு கண்ணாடித் தகடு, கொஞ்சம் சாயம், ஒரு மைக்ராஸ்கோப், சில நிமிஷம். ஹூஸ்டன் பேராசிரியரின் வாதம் வைகைக்கரையில் அன்றாட நடைமுறையாக இருக்கிறது.

மதுரை இன்னொரு பழைய சண்டையையும் தீர்த்து வைத்தது. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொன்றாலும் வீக்கத்தால் தழும்பு விழுகிறது. கூடவே ஸ்டீராய்டு சொட்டு விட்டால் தழும்பு குறையுமா, புண் கிளறுமா? பல பத்தாண்டுகள் இரண்டு கட்சி. 2006 முதல் 2010 வரை மதுரை, கோவை, திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனைகளும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ, டார்ட்மத் மருத்துவப் பள்ளிகளும் சேர்ந்து 500 பாக்டீரியா புண் நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் மாக்ஸிஃப்ளாக்ஸசின். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு சொட்டு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத சொட்டு. மூன்று மாதம் கழித்துப் பார்வையில் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. வரும்போதே பார்வை மிக மோசமாக இருந்தவர்களுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. நோகார்டியா என்ற கிருமி இருந்தவர்களுக்குப் புண் பெரிதானது. 2012ல் முடிவு வெளியானது. நோயாளிகளில் பெரும்பாலோர் லென்ஸைத் தொட்டே பார்க்காதவர்கள். ஆனால் இன்று நியூயார்க்கில் லென்ஸோடு தூங்கிய ஒருவர் புண்ணோடு வந்தால், ஸ்டீராய்டு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க மருத்துவர் புரட்டுவது இந்த ஆய்வைத்தான்.

போன ஸூடோமோனாஸ் திரும்பி வந்த கடைசிச் சம்பவத்துக்கு லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை. 2023ல் அமெரிக்காவின் 18 மாநிலங்களில் 81 பேருக்கு ஒரே ரக ஸூடோமோனாஸ் தொற்று. நாலு பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது, நாலு பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது. தேடிப்போனபோது பலருக்கும் பொதுவாக இருந்தது ஒரு செயற்கைக் கண்ணீர் பாட்டில். கண் வறட்சிக்கு விடுவது, கிருமி வளராமல் தடுக்கும் பொருள் சேர்க்காதது. திறந்த பாட்டில்களில் அதே கிருமி கிடைத்தது. தயாரானது சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில். பிப்ரவரியில் சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் தொழிற்சாலைக்கே வந்து, கிருமி நீக்கும் முறைகளில் குறை எழுதிவிட்டுப் போனார்கள். திறக்காத மாதிரிகளில் கிருமி இல்லை என்று இங்குள்ள அதிகாரிகள் சொன்னார்கள்.

அந்த ரகத்தின் மேல் ஜென்டாமைசின் குடும்பமும் செல்லவில்லை, சிப்ரோஃப்ளாக்ஸசின் குடும்பமும் செல்லவில்லை. பரிசோதனைக் கூடத்தில் அதை அடக்கிய மருந்து செஃபிடெரோகால். அது நரம்பில் ஏற்றும் மருந்து. கண் சொட்டாகக் கடையில் கிடைப்பதில்லை.